செத்தவன் டீ குடித்த படம்

வடமாலபேட்டை சாலையோரத்தில் வெல்டிங் வைக்கும் கடையைக் கடந்தால், அந்தக் கருகிய வாசனையில் எனக்குப் பிச்சாட்டூர் டென்ட் கொட்டாய் நினைவுக்கு வந்துவிடும். புரொஜக்டரில் வெளிச்சத்துக்காகக் கார்பன் குச்சி எரியும்போதும் இதே வாசனைதான். கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. கல் குவாரியில் என் அப்பா, நைனா, செத்த வருஷம், அம்மாவோடு பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்து அங்கே ஒரு கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் கொலைப் படம் பார்த்தேன். பாஷை புரியவில்லை, மாடிப்படியில் நீண்டு ஏறும் தொப்பி நிழலும், மழையில் மின்னும் தெருவும், ஆள் தெரியாமல் வரும் பூட்ஸ் சத்தமும் போதுமாக இருந்தன. தொப்பிக்காரனைச் சுட்டுவிட்டார்கள், படியில் உருண்டு கண் திறந்தபடி கிடந்தான். அடுத்த ரீலில் அவனே சிரித்துக்கொண்டு டீ குடித்தான்.

"ஐயோ, செத்தவன் குந்திகினு டீ குடிக்கிறான் பாருக்கா!" என்று பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கத்தினாள்.

"வெள்ளக்காரன் பேய் வேற இன்னாடி குடிக்கும், கள்ளா?"

கொட்டாயே சிரித்தது. ஆபரேட்டர் உள்ளிருந்து, "ரீலு மாறிப்போச்சும்மா, கத்தாதீங்க!" என்றார்.

பல வருஷம் பிழைப்புக்காக ஊர் ஊராகச் சுற்றிய பிறகு, திருப்பதி லாட்ஜில் ஒருவனுடைய போனில் அந்தப் படத்தைச் சரியான வரிசையில் பார்த்தேன். நல்ல படம்தான், கொன்றவன் யாரென்று கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. ஆனால் அதில் செத்தவன் செத்தே கிடந்தான்.

அன்று அந்தச் சிரிப்புக்கு நடுவே, செத்தவர்கள் இப்படித்தான் சாதாரணமாகத் திரும்பி வருவார்கள் போல என்று நினைத்து, நைனா வந்து நிற்கிறாரா எனக் கொட்டாய் வாசல் படுதாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா எனக்கு முன்பே அங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.