வாசலில் நின்று சொன்ன ‘போறேன்’

2024 ஜூலை 13, சனிக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பும்வரை செய்தித்தாள், பிறகு காபி. அலுவலகம் விடுமுறை. ஒன்பது மணிக்கு நானும் மனைவியும் வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டரில் செங்கம் சாலைக்குக் கிளம்பினோம். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இல்லாததால் வழி காலியாக இருந்தது.

அங்கே ஒரு வாடகை மாடியில் எங்கள் நவீன நாடக வகுப்பு. ஒரு வாரம் நாடகத்தை இலக்கியமாக உட்கார்ந்து படிப்போம். மறுவாரம் அதையே எழுந்து நின்று நடிப்போம். முதலில் சேர்ந்தவன் நான். பெண் பாத்திரங்களுக்கு ஆள் குறைகிறது என்றதால் மனைவியையும் நானே சேர்த்துவிட்டேன்.

அப்போது எடுத்திருந்தது, வகுப்பை நடத்தும் பெண்மணியே எழுதிய நாடகம். முடிவில் கணவன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறான். மனைவி வாசலில் நின்று ‘போறேன்’ என்கிறாள். திரும்பி வருவதில்லை.

அந்த வசனம் தவறு என்று முந்தின வாரம் வாதாடியிருந்தேன். நம் பக்கத்தில் எந்தப் பெண்ணும் வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொல்லமாட்டாள். என் மனைவி பாலுக்குப் போனாலும் ‘வாங்கிட்டு வரேன்’தான்.

“இன்னிக்கு நின்னு சொல்லிப் பாத்துடலாம் சார்,” என்றார் நடத்துபவர்.

வங்கியில் வேலை செய்யும் பெண் ‘போயிட்டு...’ என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்து வந்த பள்ளி ஆசிரியை ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு, அவசரமாக ‘வரேன்’ என்றும் சேர்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் திருப்தி.

மூன்றாவதாக என் மனைவி. கணவனாக நடித்தவரை ஒருமுறை பார்த்தாள். “போறேன்,” என்றாள். படியிறங்கும் சத்தம் கீழே வரை கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

“சூப்பர்க்கா! எங்க போறதா நெனச்சுக்கினீங்க?” என்றாள் வங்கிப் பெண்.

“அதெல்லாம் சொல்லிட்டா போவாங்க?”

இப்போது சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் வாய்தவறிக்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை. மற்றவர்களுக்கு வராத சொல் இவளுக்கு மட்டும் எப்படி வந்தது? சொல்லிப் பழகியிருக்க வேண்டும். போன வாரம்தான் பரணிலிருந்து பெட்டியை இறக்கி வெயிலில் வைத்தாள். பூஞ்சை பிடித்திருக்கிறது என்றாள். நானும் நம்பினேன்.

திரும்பும்போது சிக்னலில் கேட்டேன்: “அதை எப்போ பழகினே?”

“எதை?”

“போறேன்னு சொன்னியே.”

“சொன்னது நான் இல்லீங்க, அவ.”

“அவ எங்கேர்ந்து வந்தா?”

“உங்களுக்கு ஆராய்ச்சி ஜாஸ்தியாயிடுச்சு. பச்சை விழுந்துடுச்சு, வண்டிய எடுங்க.”

மாலையில் அவள் மாடியில் துணி எடுக்கப் போனபோது பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். காலி. அதிலும் நிம்மதி இல்லை. காலியாக இருந்தால்தானே அடுக்க முடியும்.

ஞாயிறு காலை தாழ்ப்பாள் சத்தத்தில்தான் விழித்தேன். கையில் பையோடு வாசலில் நின்றிருந்தாள்.

“பாலுக்குப் போறேன்,” என்றாள்.

‘வரேன்’ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மோட்டார் போடவில்லை. கண்ணாடியையும் தேடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கினேன்.

“ரெண்டு பாக்கெட் பாலுக்கு ரெண்டு பேரா?” என்றாள்.

பையை நான் வாங்கிக்கொண்டேன்.