உடைந்த கண்ணாடியின் ரசீது

எங்கள் ராணுவ விமானப் பழுதுபார்ப்புப் பிரிவின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்ததற்கு ஒரே காரணம், நான் தினமும் டைரி எழுதுகிறவன் என்பதுதான். வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து போய் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வருஷம் ஒருமுறை கூடுகிறோம். இந்த முறை ஒரு நினைவு மலர் போடலாம் என்று முடிவாயிற்று. தகரக் கொட்டகையில் பிரிவு தொடங்கியது, முன்னால் விசிறி சுழலும் விமானங்கள் போய் ஜெட் வந்தது, பிறகு ஹெலிகாப்டர் வந்தது எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினேன். இரண்டு ஆதாரம் கிடைக்காத தேதியை நான் சேர்ப்பதில்லை.

சங்கச் செயலாளர் அனுப்பிய குறிப்புகளில் ஒரு வரி இருந்தது: ‘கருவியை உடைத்து மறைத்த ஒரு டெக்னீஷியனால் விமானம் ஒன்று தாமதமானது, அதன்பின் ரசீது முறை மாற்றப்பட்டது.’ பெயர் இல்லை. எங்கள் ஆட்களுக்குப் பெயர் தேவையும் இல்லை. அவன் வாணியம்பாடிக்காரன், என்னோடு ஒரே பேட்ச்சில் சேர்ந்தவன். எங்கள் கூட்டத்துக்கு ஒருமுறைகூட வராதவன்.

நான் அங்கே ஸ்டோர்ஸில் இருந்தேன். கருவிகளில் அங்கே கண்டிப்பு அதிகம். ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் ஓர் இடம். எடுக்கிறவன் அந்த இடத்தில் தன் எண் போட்ட பித்தளை வில்லையை மாட்ட வேண்டும். கருவி உடைந்தால் ஸ்டோர்ஸில் கொடுத்து, ரசீதைக் காட்டிவிட்டுத்தான் வில்லையைத் திரும்ப எடுக்கலாம். ஒரு கருவி காணவில்லை என்றாலும் விமானம் வெளியே போகாது. அது எஞ்சினுக்குள் கிடந்தால் விமானி உயிரோடு திரும்பமாட்டார்.

அன்று அவன் எடுத்தது, எஞ்சினின் மறைவிடங்களைப் பார்க்க, பல் டாக்டர் வைத்திருப்பதுபோல நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி. மறுநாள் காலை பலகையில் அவன் வில்லை தொங்கியது, கண்ணாடி இல்லை. பொருத்தி முடித்த எஞ்சினை மறுபடி கழற்றத் தொடங்கினார்கள். மதியத்துக்கு முன் கண்ணாடி என் ஸ்டோர்ஸில், பழுதுப் பொருள் அலமாரியில், விரிசலோடு கிடைத்தது. முந்தின நாள் சாயங்காலமே கொடுத்துவிட்டேன் என்றான் அவன். நான் எழுதிக் கொடுத்த ரசீதில் இருந்ததோ, எஞ்சினைக் கழற்றிய அன்றைய தேதி.

விசாரணை நடத்திய வாரண்ட் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். “இந்தத் தேதி சரியா?” “சரி சார்.” “போகலாம்.” அவ்வளவுதான்.

அன்று ராத்திரி ரயிலில் நான் லீவில் ஊருக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போனபோது அவனுக்குத் தண்டனை எழுதி, பதவி உயர்வை நிறுத்தியிருந்தார்கள். அவன் கொடுத்தது முந்தின நாளா, அன்று காலையா என்று எனக்கே குழப்பம். காகிதம் கையில் இருந்தது, அதை நம்பினேன்.

மலருக்காக டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய டைரிகளை எடுத்தபோது அந்த முந்தின நாள் பக்கம் வந்தது. ‘சாயங்காலம் கண்ணாடி ஒன்று வந்தது, விரிசல். ரசீதுப் புத்தகம் தீர்ந்துபோயிற்று. நாளை எழுதித் தர வேண்டும்.’ மறுநாள் எழுதினேன். எழுதிய நாளின் தேதியைத்தான் போட வேண்டும் என்பது விதி. அதையும் சரியாகவே செய்திருக்கிறேன்.

டைரியோடு வாணியம்பாடிக்கு பஸ் ஏறினேன். அவன் ஒரு ஷூ கம்பெனியில் மெஷின் மெக்கானிக். அவன் அறைக்குள் நுழைந்தபோது, உடைந்த தையல் ஊசித் துண்டுகளை நோட்டில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு தையல்காரப் பெண்.

“மொனை எங்கம்மா?”

“தேடினேண்ணா, கிடைக்கல.”

“ஷூவுல இருந்தா போடறவன் கால்ல ஏறும். காந்தம் எடுத்துனு போய்ப் பாரு. மொனை வந்தாத்தான் புது ஊசி.” அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். பிறகு என்னைப் பார்த்தான். “இன்னாபா, ஸ்டோர்ஸ பூட்டிட்டு வந்துட்டியா?”

டைரியைப் பிரித்து நீட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தான்.

“அன்னிக்குத் தொண்டை கிழிய கத்தினேன். பொய் சொல்றான்னாங்க.”

“என்னை ஒரு கேள்விதான் கேட்டாங்க.”

“ஒரு கேள்விக்கு ரெண்டு பதில் சொன்னா வாய் தேஞ்சிடுமா?”

அந்தப் பெண் திரும்பி வந்தாள். உள்ளங்கையில் ஊசி முனை. அவன் அதை மற்ற துண்டுகளோடு சேர்த்துப் பார்த்து, ஒட்டி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுத்தான். அவசரமே படவில்லை. அவள் போகும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“நம்ம சங்க மலர்ல, கருவிய உடைச்சு மறைச்சவன்னு உன்னைப் பத்தி ஒரு வரி வருது, அதை எடுத்துடறேன்” என்றேன்.

“எடுக்காதே. எடுத்துட்டா, பாவம்னு விட்டுட்டாங்கன்னு நெனைப்பானுங்க. மாத்தி எழுது. இங்கியே எழுது.”

அவன் மேஜையிலேயே எழுதினேன். கண்ணாடி முந்தின நாளே ஒப்படைக்கப்பட்டது. ரசீது தாமதமானதும், விசாரணையில் அதைச் சொல்லாததும் ஸ்டோர்ஸ் உதவியாளரான என் தவறு. அந்த டெக்னீஷியன் எதையும் மறைக்கவில்லை. செயலாளருக்கு போன் போட்டு, அவனுக்கும் கேட்கிற மாதிரி வைத்துப் படித்தேன்.

“மலர்ல எதுக்கு சார் இதெல்லாம்? பழைய வரியும் வேணாம், இதுவும் வேணாம், விட்டுடலாமே” என்றார் அவர்.

“இது வரலன்னா என் பேர்ல எதுவும் வர வேணாம், மொத்தத்தையும் வேற யாரையாவது வெச்சு எழுதிக்குங்க” என்றேன். “சரி, அனுப்புங்க. கூட்டத்துல நீங்களே எழுந்து படிச்சிடுங்க” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அவன் ஊசி நோட்டை மூடி அலமாரியில் வைத்தான்.

“அந்த வாரண்ட் ஆபீசர் இருக்காரா?”

“இருக்கார். வருஷா வருஷம் வர்றார். காதுதான் சரியா கேக்கறதில்ல.”

“அப்ப சத்தமாப் படி” என்றான். “நான் அவரு பக்கத்துல உக்காந்துக்கறேன்.”