மறுநாள் பானை

மதுரைப் பஞ்சாலை ஒன்றில் வேலை செய்த சோணைமுத்துவுக்கு ஆண்டில் ஒரு நாளே திருநாள். பெற்றோர் மறைந்துவிட்டனர், அவர் மணம் புரிந்துகொள்ளவும் இல்லை. உறவென்று இருந்தவள் வாடிப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட தங்கை செல்லக்கிளி ஒருத்தியே. அவள் மணத்தின்போது அலங்காநல்லூரிலிருந்து ஒரு செவலைக் கிடாரியைக் கால்நடையாகவே ஓட்டிச் சென்று சீராகக் கொடுத்தார். அதன்பின் தைப் பொங்கல்தோறும் கரும்புக் கட்டைப் பேருந்தின் கூரையில் ஏற்றி, மஞ்சள் குலையும் பச்சரிசியும் வெல்லமும் மடியில் தாங்கிப் போவார்.

தமையன் கொணர்ந்த மஞ்சளைப் பானையின் கழுத்தில் கட்டாமல் செல்லக்கிளி அடுப்பு மூட்டியதில்லை. ஓராண்டு பேருந்து பழுதாகி அவர் நண்பகலில் போய்ச் சேர்ந்தார்.

"சூரியனே உச்சிக்கு வந்துட்டாரு, மச்சானைத்தேன் காணோம். ஒங்க தங்கச்சி எங்களப் பட்டினி போட்டுட்டா," என்றார் அவள் கணவர் முத்திருளன்.

அவள் மஞ்சளை வாங்கிப் பானையின் கழுத்தில் கட்டினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில் மஞ்சட்காமாலை அவளைக் கொண்டுபோயிற்று. பிள்ளைகள் இல்லை. மறு ஆண்டு முத்திருளன் தங்கப்பொண்ணை மணந்தார். அவளுடைய ஒரே தம்பி பட்டாளத்தில், வடக்கே இருந்தான். "எனக்குச் சீர் கொண்டார ஆளில்ல. அண்ணனை வரச் சொல்லுங்க," என்று அவளே சொல்லியனுப்பினாள். சோணைமுத்துவின் பொங்கல் பிழைத்தது. அவள் பானையிலும் ஆறு ஆண்டுகள் அவர் மஞ்சளே ஏறியது.

எண்பத்தைந்தில் அவர் போனபோது வாசற்சுவரில் வேறொரு கரும்புக் கட்டு சாய்ந்திருந்தது. பானை பொங்கி முடிந்திருந்தது. அதன் கழுத்தில் மஞ்சளும் இருந்தது. தங்கையின் மணத்துக்குச் சீரோடு வந்து, மணம் முடிந்ததறிந்து, ஊருக்குள் புகாமல் வைகையோடு திரும்பிய அழகரின் கதையைச் சித்திரைதோறும் ஆற்றுமணலில் நின்று கேட்டவர் அவர். கேட்டபோதெல்லாம் அந்தச் சீர் பிறகு எங்கே போயிற்று என்று எண்ணியதில்லை.

"வாங்க மச்சான்," என்ற முத்திருளன் முகம் பார்க்கவில்லை.

தங்கப்பொண்ணு கையைத் துடைத்தபடி வந்தாள். "எந்தம்பி லீவுல வந்திருக்கான்ணே. நேத்தே சீர் கொண்டாந்துட்டான். ஒங்களுக்குச் சொல்லிவிட நெனச்சேன், மனசு வரல."

"நல்லது தாயி. ஒடம்பொறந்தவன் கொண்டாரதுதேன் மொற."

எடுத்த சீரைத் திருப்பிக் கொண்டுபோகும் வழக்கமில்லை. எங்கே இறக்குவதென்று அறியாமல் தொழுவத்தைப் பார்த்தார். அங்கே ஒரு செவலைப் பசு அசைபோட்டு நின்றது. அவர் ஓட்டிவந்த கிடாரியின் பேத்தி. அவர் பார்வை போன இடத்தைத் தங்கப்பொண்ணும் பார்த்தாள்.

"நாளைக்கு மாட்டுப் பொங்கலு. தொழுவத்துல வைக்கிற பானைக்கு ஒங்க மஞ்சளக் கட்டுறேண்ணே. அது ஒங்க வீட்டு மாடுதான? இருந்து பாத்துட்டுப் போங்க."

"நாளைக்கு வேலைக்குப் போகணும் தாயி," என்றார். ஆலைக்கு மூன்று நாள் விடுமுறை.

கரும்பைத் தொழுவத்தில் சாய்த்து, பசுவின் நெற்றியைத் தடவிவிட்டு, இலையில் இட்டதை உண்டு புறப்பட்டார்.

மறு ஆண்டு பொங்கலன்று அவர் தம் அறையிலேயே இருந்தார். அடுத்த வீட்டுக் குலவையொலி சுவரைக் கடந்து வந்தது. கட்டிய சீர் கதவோரம் காத்திருந்தது. அவர் அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் முதல் பேருந்தில் கரும்பை ஏற்றியபோது நடத்துநர் சிரித்தார்.

"என்னண்ணே, பொங்கல் நேத்தே முடிஞ்சிருச்சே?"

"எங்க வீட்டுல இன்னைக்குத்தேன்," என்றார் சோணைமுத்து.