காகிதம் இல்லாத வால்

காலையில் தங்கை தட்டைத் தொடவே இல்லை.

"செத்துக் கோடிக்கணக்கான வருஷமான சுறாவுக்காக ஏண்டி பட்டினி கிடக்குற?" என்று அம்மா கேட்டார்.

"அது ஒரு தடவ செத்தது போதும்மா. இன்னிக்கு நான் ரெண்டாவது தடவ கொன்னுடுவேனோன்னுதான் பயமா இருக்கு."

அருங்காட்சியகத்தின் பின்புற அறையில், பாறைக்குள் புதைந்த பழைய உயிர்களை ஊசியால் சுரண்டி வெளியே எடுப்பது அவள் வேலை. நான் எட்டாவதோடு நின்ற தையல்காரி. ஆனாலும் அவள் சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாதி மனப்பாடம். சுறாவுக்கு எலும்பு கிடையாது. நம் காதுமடலைப் போலக் குருத்தெலும்புதான். அது பெரும்பாலும் மக்கிவிடும், பல் மட்டும் மிஞ்சும். இந்த வகைச் சுறாவுக்கும் இதுவரை பற்கள்தான் கிடைத்திருந்தன. கூழாங்கல் போல மழுங்கிய, சிப்பியை நொறுக்கும் பற்கள். அதனால், கடலடியில் மெல்ல ஊர்ந்து திரிந்த பிராணி என்று நினைத்திருந்தார்கள். இப்போது முதல் தடவையாக முழு உடலோடு ஒரு கற்பலகை வந்திருந்தது. உடலோ ஒல்லி. அவளுக்கு மேலே இருந்த பேராசிரியர் மேடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாலின் இரண்டு மடலும் சமமாகப் பிறைபோல இருந்தால் அது வேகமாக நீந்தியது; மேல்மடல் மட்டும் நீண்டு சாய்ந்திருந்தால் கடலடியில் வாழ்ந்தது. அந்த வாலை மட்டும் மெல்லிய கல் மூடியிருந்தது.

பலகையின் மறுபுறத்தைச் சுத்தம் செய்ய அதைக் கவிழ்த்தாக வேண்டும். உடைந்துவிடாமலிருக்க, மேற்புறத்தில் ஈரக் காகிதம் பரப்பி அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றுவார்கள். காகிதம் இருந்தால் பிளாஸ்டர் பிறகு ஒட்டாமல் கழன்று வரும்; இல்லாவிட்டால் கல்லையும் பிய்த்துக்கொண்டு வரும். அன்றுதான் கழற்றும் நாள்.

"வால் பக்கம் காகிதம் வச்சேனான்னு ஞாபகமே வரலக்கா," என்றாள் போகும் வழியில். "கலக்கி வச்ச பிளாஸ்டர் இறுக ஆரம்பிச்சுது. அவசரத்துல ஊத்திட்டேன்."

"மேடம்கிட்ட சொன்னியா?"

"சொல்லணும்."

உதவியாள் விடுப்பில் போனதால், பலகையைப் பிடித்துக்கொள்ளப் பேராசிரியர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். அவர் கையுறை மாட்டும்போதே தங்கை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அவர் குனிந்து வால் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சரி. வாலக் கடைசியா எடுப்போம். உங்கக்கா கை நடுங்காதுல்ல?"

"ஊசில நூல் கோக்குற கை மேடம்," என்றேன்.

தலைப்பக்கமிருந்து பிளாஸ்டரைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தார்கள். ஒவ்வொரு துண்டின் அடியிலும் காகிதம் பழத்தோல் போல உரிந்து வந்தது. தாடை, முதுகு, துடுப்பு எல்லாம் பத்திரம். கடைசித் துண்டின் ஓரத்தைக் குனிந்து பார்த்த தங்கையின் முகம் வெளுத்தது.

"காகிதம் இல்லக்கா."

மெல்லிய தகட்டை இடுக்கில் செருகி, மயிரிழை மயிரிழையாக நெம்பினாள். நான் பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். 'டப்' என்று ஒரு சத்தம். பிளாஸ்டர் கையோடு வந்துவிட்டது. மூடியிருந்த கல்லும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மேசைமேல் கொஞ்சம் பொடி உதிர்ந்தது.

பேராசிரியர் விளக்கை இழுத்துச் சாய்த்தார். வால், புத்தகம் விரித்ததுபோல இரண்டாகப் பிரிந்திருந்தது: பாதி பலகையில், பாதி பிளாஸ்டரோடு வந்த கல்லில். மணிமணியான குருத்தெலும்புத் துணுக்குகள் இரண்டிலும் வரிசை குலையாமல் இருந்தன. மேல்மடலின் நுனி மட்டும் பொடிந்துபோய், அது இருந்த இடத்தில் பள்ளம் தெரிந்தது.

"ரெண்டு மடலும் ஏறக்குறைய ஒரே நீளம்," என்றார் மெதுவாக. "பிறைதான். இது தரையில கிடந்த ஜீவன் இல்லம்மா. தண்ணில பறந்திருக்கு."

"நுனி போச்சே மேடம்."

"போச்சுதான். அதை அறிக்கையில எழுதணும். நீதான் எழுதணும்."

தங்கை தலையசைத்தாள். பிறகு மெல்லிய தூரிகையால் அந்தப் பொடியை ஒரு துகள் விடாமல் கண்ணாடிக் குப்பிக்குள் கூட்டினாள். குப்பியை வாங்கி, மூடியை நான் திருகிக் கொடுத்தேன்.

"அக்கா, பையில திங்க ஏதாவது வச்சிருக்கியா?" என்றாள்.