எங்கள் லயத்தின் ஒரே வாக்கு

மஸ்கெலியாப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்குத் தேர்தலில் நிற்பவர்கள் யாரும் ஏறி வருவதில்லை. வந்து என்ன பிரயோசனம்? பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை இந்தியாவிலிருந்து வந்த பரம்பரை என்று சொல்லி வாக்காளர் பட்டியலிலிருந்து கூட்டித் தள்ளியிருந்தது. அந்த வருடம் மட்டும் கொழும்பிலிருந்து வந்து குடைச் சின்னத்தில் நின்ற ஒரு வக்கீல், விஷயம் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியோடு வந்து இறங்கிவிட்டார்.

எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லை. தப்பு அடித்தோம், மாலை போட்டோம். மனிதர் பூரித்துப்போய், எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாக முழங்கினார். "எனக்கு ஓட்டுப் போடுறவங்க கையத் தூக்குங்க பார்ப்போம்!" என்றார். லயமே கையைத் தூக்கியது. கைக்குழந்தைக்காரிகள் குழந்தையின் கையையும் சேர்த்துத் தூக்கினார்கள்.

பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த அவருடைய ஆள் அப்போதுதான் அவர் காதில் ரகசியம் சொன்னான். ஒலிபெருக்கி அதையும் மலை முழுக்கச் சொன்னது.

"ஐயா, இவங்களுக்கெல்லாம் ஓட்டே இல்லீங்க. ஒரே ஒரு பேருதான் இருக்கு."

அந்த ஒரு பெயர் என்னுடையது. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து உலர்த்திக்கொண்டிருந்த எனக்கு, விண்ணப்பம் எப்படியோ தப்பிப் பிழைத்துப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. என் திறமை அதில் ஒன்றுமில்லை. இதே லயத்தில் பிறந்த என் அக்கா, மாமியார் சாவுக்கு இந்தியா போய்ச் சில மாதம் தங்கியதற்காக அவளுடைய விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். வக்கீல் ஒலிபெருக்கியை அணைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். மாலையைக் கழற்றாமலே எங்களோடு படியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே அவரை எதிர்த்து நின்ற கத்தரிக்கோல் சின்னத்துக்காரர் ஸ்டோருக்கு ஜீப்பில் வந்தார். உள்ளூர்ப் பெரிய மனிதர்; லயத்துப் பக்கம் போய்க் காலை வலிக்கவைத்துக்கொள்ளவில்லை. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, தான் ஜெயித்தால் எனக்கு ஓர் அரசாங்க வேலை என்றார். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. நான் அதுவரை நாற்காலியைத் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை.

இது தெரியாத எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஓட்டு ஒன் பேர்ல இருக்கலாம்டா. ஆனா அது லயத்து ஓட்டு. யாருக்குன்னு நாங்க சொல்றோம்."

எனவே மாரியம்மன் கோயில் முன்னால் எங்கள் சொந்தத் தேர்தல் நடந்தது. குடைக்குத் தேயிலைக் கொட்டை, கத்தரிக்கோலுக்குக் கூழாங்கல். குடத்தில் போட வேண்டும். எண்ணிப் பார்த்தால் லயத்தில் இருந்த ஆட்களைவிடக் கொட்டை அதிகம். ஓட்டில்லாத ஜனங்களுக்குக் கள்ள ஓட்டுப் போட மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை! இரண்டாம் தடவை அக்கா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு குடத்துப் பக்கத்தில் நின்றாள். கணக்கு ஒழுங்காக வந்தது. குடை அமோக வெற்றி. குடத்துக்குள் இருந்த ஒரே கூழாங்கல்லைப் போட்டது யார் என்று தலைவர் ஆளாளுக்கு முறைத்தார். நானும் சேர்ந்து முறைத்தேன்.

வாக்களிப்பு நாளன்று லயமே அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கோயில் திருவிழாவுக்கு உடுத்துவதை உடுத்திக்கொண்டு, டவுன் பள்ளிக்கூடம் வரை என்னோடு நடந்து வந்தது. வாசலில் பொலிஸ்காரர் தடுத்தார். என்னைத் தவிர எல்லோரும் வேலி ஓரம் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

உள்ளே மறைப்புக்குப் பின்னால் போய்ப் பென்சிலை எடுத்தேன். குழாய் நினைவுக்கு வந்தது. அக்கா குடம் சுமந்து ஏறுகிற படிகளும் வந்தன. அவற்றையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு அந்த நாற்காலி வந்தது. கத்தரிக்கோலுக்கு நேராகக் குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடு இழுத்துப் புள்ளடி போட்டேன். அவர்தான் ஜெயித்தார். நாற்காலியும் வரவில்லை, குழாயும் வரவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு.

வெளியே வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். யாருக்குப் போட்டாய் என்று ஏதாவது ஒரு வாய் கேட்கும், பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்று தயாராக வந்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பென்சில் கறுப்பா சிவப்பா, பெட்டி எவ்வளவு பெரிது, தாளை எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். வெட்கத்தோடு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து தன் உள்ளங்கையை விரித்தாள். மற்றக் கையின் விரலால் அதில் மெதுவாக ஒரு புள்ளடி போட்டாள்.

"குடைக்கு நேரா, இப்பிடித்தானே தம்பி?"

"ஆமாக்கா" என்றேன்.