சுருட்டின் உறையைக் கழற்றச் சொன்ன முதலாளி

1. கழற்று என்றார்

"எல்லாத்தையும் கழட்டு. ஒண்டிலையும் அந்தத் தாள் இருக்கக் கூடாது."

ஆகஸ்ட் விடுமுறைக்குக் கடை பூட்ட இரண்டு நாள் இருக்கும்போது என் முதலாளி இப்படிச் சொன்னார். அவர் பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சில் சொன்னதை நான் நம் பேச்சில் எழுதுகிறேன். அந்தத் தொனி அப்படித்தான் சரியாக வரும்.

எண்பதுகளின் பின்பாதி அது. பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் பகுதியில் ஒரு 'தபா'வில் வேலை செய்துகொண்டிருந்தேன். தபா என்றால் சிகரெட், சுருட்டு, முத்திரை விற்கும் கடை. ஒரு பக்கம் கோப்பிக் கவுண்டரும் இருக்கும். எனக்குச் சுருட்டுப் பக்கம். யாழ்ப்பாணத்தில் மாமாவின் சுருட்டுக் கொட்டிலில் ஆறு வருடம் தரம் பிரித்தவன் நான். புகையிலையை விரலால் தொட்டால் அதில் ஈரம் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். எடுத்த நாளிலிருந்து அதை ஒருமுறைகூட வாயால் ஒத்துக்கொள்ளவில்லை.

சுருட்டை உறையோடு வைப்பதா, கழற்றி வைப்பதா என்று இன்றும் ஆட்கள் என்னைக் கேட்கிறார்கள். நான் சொல்வது ஒவ்வொரு சுருட்டுக்கும் தனித்தனியாகச் சுற்றி வரும் செலோபன் உறையை. கூபாச் சுருட்டு பெரும்பாலும் உறையில்லாமல் மரப்பெட்டியில் வரும். மற்ற நாட்டுச் சுருட்டுகள் பல உறையோடு வரும். இரண்டுமே கெட்டுப்போகாது. உறை போட்டால் சுருட்டு மெதுவாக மூச்சு விடும், மெதுவாகப் பழுக்கும். கழற்றினால் சுருட்டு வைக்கும் அலுமாரிக்குள் காக்கும் ஈரம் சீக்கிரம் ஏறும், பார்க்கவும் அழகு. ஆனால் உறையில்லாத சுருட்டு பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் குடித்துவிடும். பூச்சி வந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும். ஆகவே பலவகைச் சுருட்டை ஒரே அலுமாரியில் வைப்பவன் உறையைக் கழற்றாமல் விடுவது நல்லது. இதைத்தான் நான் முதலாளியிடமும் சொன்னேன்.

"மிஸ்யூ, ஒரே அலுமாரிக்குள்ளை வனிலாச் சுருட்டும் இருக்கு. தாளைக் கழட்டினா மணம் கலந்துபோகும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரிய தெருக் கடையளிலை போய்ப் பார். ஒருத்தனும் தாளோடை வைக்கிறதில்லை. உங்கடை ஊரிலை புகையிலையை மீன் மாதிரி வெயிலிலை காயப்போடுறனீங்கள். நீ எனக்குச் சுருட்டுப் பாடம் எடுக்கிறியோ?"

அவர் என்னை 'நீ' என்றார். நான் அவரை 'நீங்கள்' என்றேன். மூன்று வருடமும் அப்படித்தான் நடந்தது. கவுண்டரில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது.

நிலவறைக்கு இறங்கினேன். குளிர் என்பதால் பெரிய அலுமாரி அங்கேதான் இருந்தது. இருநூறுக்கு மேற்பட்ட சுருட்டு. ஒவ்வொன்றாக உறையை உரித்துக் கீழே எறிந்தேன். கழற்றினேன் என்று சொல்ல முடியாது. கோழிக்கு இறகு பிடுங்குவதுபோல் பிடுங்கினேன். முதலாளியின் தலைமுறை முழுவதையும் திட்டிக்கொண்டே பிடுங்கினேன். வனிலாச் சுருட்டை மட்டும் தனி டப்பாவில் போட்டு மூடினேன். வேலை முடிந்ததும் அலுமாரிக் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு மேலே வந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு அது எனக்காகவே சொன்னதாக இருந்தது.

2. பல் வைத்தியர்

மூன்று கிழமை கழித்துக் கடை திறந்தோம். முதல் சனிக்கிழமை ஒரு பழைய வாடிக்கையாளர் வந்தார். ஓய்வுபெற்ற பல் வைத்தியர். வருடத்துக்கு நான்கு பெட்டி எங்களிடம்தான் வாங்குவார். ஒரு பெட்டி சுருட்டு கொண்டுபோனார். திங்கட்கிழமை மத்தியானமே அதே பெட்டியோடு திரும்பி வந்தார்.

பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "இதை நீங்களே பிடிச்சுப் பாருங்கோ" என்றார்.

முதலாளி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"நாப்பது வருசம் மற்ற ஆக்களின்ரை வாய்க்குள்ளை கையை விட்டு வேலை செய்தனான்," என்றார் பல் வைத்தியர். "சாப்பிட்டுப்போட்டு ஆறுதலா இருந்து ஒரு சுருட்டைப் பத்தினா, என்ரை கிளினிக் மணக்குது. மனிசி மற்ற அறையிலையிருந்து கேக்கிறா, ஆருக்குப் பல்லுப் பிடுங்கிறியள் எண்டு."

முதலாளி ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்டார். புதுப்பெட்டி வரவழைத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். கதவு சாத்தியதும் நேரே நிலவறைக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

அங்கே கிறிஸ்தோபர் அண்ணை இருந்தார்.

மன்னார் ஆள். கோப்பிப் பக்கத்தில் கோப்பை கழுவுவது அவர் வேலை. நகருக்கு வெளியே சார்செலில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தார். என்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே அவர்தான். நான் பத்து நிமிட நடையில் இருந்தபடியால் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன். அவர் நிலவறையில் ஒரு கவிழ்த்த பெட்டியில் இருந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடுவார். அன்றைக்கு மீன் குழம்பு.

முதலாளி சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அலுமாரியைப் பார்த்தார். பிறகு கத்தத் தொடங்கினார்.

"இதுதான்! இந்த நாத்தம்தான்! என்ரை சுருட்டெல்லாம் உன்ரை மசாலா மணம்!"

"மிஸ்யூ, நான் அலுமாரியைத் தொடுறதே இல்லை," என்றார் அண்ணை. வாயில் இருந்த சோற்றை விழுங்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"தொடத் தேவையில்லை. நீ இருக்கிறதே காணும். வெளியிலை போ. நாளைக்கு வராதை."

அண்ணைக்கு வேலைப் பதிவு இல்லை. 'நுவார்', அதாவது களவாக வைத்திருந்த வேலை. அதனால் நாளைக்கு வராதே என்றால் வராததுதான், கேட்க ஆளில்லை. அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். மூடி இரண்டு தரம் வழுக்கியது. என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தார்.

நானும் பேசத்தான் வாயைத் திறந்தேன். மூன்று கிழமை கடை பூட்டிக் கிடந்தது, அண்ணை இங்கே சாப்பிடவே இல்லை, பிறகெப்படி மீன் மணக்கும் என்று முகத்துக்கு நேரே கேட்கலாம் என்று. அப்போதுதான் பல் வைத்தியர் சொன்னது மூளையில் ஏறியது. அவர் மீன் மணம் என்று சொல்லவில்லையே. கிளினிக் மணம் என்றல்லவா சொன்னார்?

பல்லுக்கு என்ன போடுவார்கள்? கராம்பு எண்ணெய்.

வாய் தானாக மூடிக்கொண்டது.

3. கீழ்த் தட்டு

எல்லோரும் மேலே போன பிறகு அலுமாரியின் கீழ்த் தட்டை இழுத்தேன். பின்மூலையில் என் சீலைப் பொட்டலம் இருந்தது. உள்ளே ஒரு பிடி கராம்பும் கொஞ்சம் காய்ந்த வேப்பிலையும்.

ஜூலை தொடக்கத்தில் நல்ல வெக்கை. ஒரு பெட்டியில் இரண்டு சுருட்டில் குண்டூசி குத்தியதுபோல் ஓட்டை கண்டேன். சுருட்டுப் பூச்சி. அந்த இரண்டையும் எறிந்துவிட்டு, தெருவில் இருந்த எங்கள் ஆட்களின் கடையில் கராம்பு வாங்கிப் பொட்டலம் கட்டி வைத்தேன். மாமாவின் கொட்டிலில் அப்படித்தான் செய்வோம். எங்கள் சுருட்டில் கோடா என்று ஒரு காய்ச்சின பாணி தடவுவார்கள். அந்த மணத்துக்கு முன்னால் கராம்பு ஒரு பொருட்டே இல்லை. ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இந்தச் சுருட்டு அப்படியல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்போது எல்லாம் உறைக்குள் இருந்தன. ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்.

உறைகளை உரித்த அன்று பொட்டலத்தை எடுத்திருக்க வேண்டும். மணம் கலக்கும் என்று முதலாளிக்குப் பாடம் எடுத்தவனே நான்தான். வனிலாவைப் பற்றி ஞாபகம் வந்தது; கராம்பு ஞாபகம் வரவில்லை. அந்த ஆள் என்னை ஆட்கள் முன்னால் கேலி செய்ததைத் தவிர வேறொன்றும் அன்றைக்கு என் தலைக்குள் இல்லை. மூன்று கிழமை பூட்டிய அலுமாரிக்குள் இருநூறு சுருட்டும் கராம்பைக் குடித்துக்கொண்டு கிடந்தன. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

4. கடுதாசி

அன்றே மேலே போய்ச் சொல்லியிருக்கலாம். பத்துப் படிகள்தான். சொல்லவில்லை.

காரணத்தையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தக் கிழமை பிரிஃபெக்சரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், என் 'கார்த்' என்ற வதிவிட அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. முதலாளி கையெழுத்துப் போட்ட வேலைக் கடிதம் இல்லாமல் அங்கே போக முடியாது. விடுமுறைக்கு முன்னமே கேட்டிருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அண்ணை நின்ற இடத்தில் வேறொருவன் நின்று கோப்பை கழுவினான். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு சுருட்டு விற்றேன். புதன்கிழமை பின்னேரம் கடிதம் கையில் கிடைத்தது. வியாழக்கிழமை காலை பொட்டலத்தை முதலாளி முன்னால் வைத்தேன்.

"இதுதான் மணம். வைச்சது நான். கிறிஸ்தோபர் இல்லை. அவரைத் திருப்பிக் கூப்பிடுங்கோ."

அவர் பொட்டலத்தை மோந்தார். கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"உங்களிலை ஒருத்தன்தான் எண்டு எனக்குத் தெரியும்."

"அவரிலை பிழையில்லை மிஸ்யூ."

"அந்த இடத்துக்கு ஆள் வந்திட்டுது. நீ போய் வேலையைப் பார்." இரண்டடி போனவர் திரும்பினார். "இனி வாற சுருட்டு ஒண்டிலையும் தாளைக் கழட்டாதை. தாளோடை வைக்கிறதுதான் பாதுகாப்பு."

இதை அவர் எனக்குச் சொல்லித் தந்தார்! கவுண்டரைத் தூக்கி அவர் தலையில் போடலாம்போல் இருந்தது. போடவில்லை. வேலையை விட்டும் போகவில்லை. இன்னும் ஒன்றரை வருடம் அந்த மனிதருக்குச் சுருட்டு விற்றேன்.

ஞாயிறு பூசை முடிந்து அண்ணை வெளியே வருவார் என்று தெரிந்து மாதா கோயில் வாசலில் நின்றேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். பொட்டலம், முதலாளி, அவர் சிரித்தது எல்லாம். நான் முடித்ததும் அண்ணை கேட்டார்:

"அப்ப முதலாளியிட்டைச் சொன்னனி?"

"ஓம் அண்ணை, சொன்னனான். நான்தான் எண்டு நேரே சொன்னனான்."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

அண்ணை மெதுவாகக் கேட்டார். "உன்ரை கடுதாசி எப்ப தந்தவர்?"

நான் கேட்ட கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியும். முதலாளியிடம் கேட்பதற்கான பிரெஞ்சு வசனத்தை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான்.

"புதன்," என்றேன்.

"ம். எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு, தம்பி," என்றார். தம்பி என்றுதான் சொன்னார். அதைவிட ஒரு அறை அறைந்திருக்கலாம்.

கடை வேலைக்கு வரும் பிள்ளைகளே, சுருட்டை உறையோடு வையுங்கள், அல்லது கழற்றி வையுங்கள். அலுமாரிக்குள் வேறென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கோபத்தில் மட்டும் செய்யாதீர்கள். உங்கள் பிழைக்கு வேறொருவன் வெளியே போகிறான் என்றால், அவன் வாசலைத் தாண்டுமுன் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்துச் சொன்ன உண்மையால் எனக்கு ஒரு நட்டமும் வரவில்லை. அதை நினைத்தால்தான் முதலாளியை விட்டுவிட்டு என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.