கன்னியப்பனின் மூன்றாவது பீஸ்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இன்ஸ்பெக்டர் என்றால் காக்கிச் சட்டையை நினைத்துக்கொள்ளக் கூடாது. காக்கிச் சட்டையிடம் மாட்டினால் ஜாமீன் உண்டு. நூம்பல் கிராமத்துக் கன்னியப்பனிடம் மாட்டிய வால்வுக்கு அது கிடையாது. மேலே ஒரு சிவப்புப் பெயிண்ட், நேராகக் கழிவுப் பெட்டி.

அவருடைய அப்பா வரைக்கும் ஊரார் வயலில் நாற்று நட்டவர்கள். கன்னியப்பன் சைக்கிள் ஏறிப் போய், வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் மேசையைப் பிடித்தார். படிப்பு எட்டாவது. மீதியை மீசை பார்த்துக்கொண்டது. இரண்டு முனையும் காது நோக்கிப் பயணம் புறப்பட்ட மீசை அது.

எஸ்டேட்டில் ஒரு முறை உண்டு. லேத்துக்காரர் தன் கடைசல் மிஷினைச் செட் செய்து, முதல் பீஸைக் கடைந்து, இன்ஸ்பெக்டர் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். அவர் ஓகே சொன்னால்தான் அடுத்த பீஸ். அதுவரை மிஷினும் நிற்கும், லேத்துக்காரரும் நிற்பார். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பது மரியாதை இல்லை என்பதால் டீயும் மசால் வடையும் வரவழைப்பார்கள். டீ வந்த பீஸின் மேல் வெளிச்சம் நன்றாக விழும் என்பது கன்னியப்பனின் நெடுநாள் அனுபவம். இதை லஞ்சம் என்று சொல்பவர்கள் டீயை அவமதிப்பவர்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அந்த மீசைக்கடியில், இடது பக்கம், ஆறாத புண் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் மனைவி சொர்ணம்.

"மீசைக்கு அடியில இன்னாத்த ஒளிச்சி வச்சிகினு கீற?"

"ஒண்ணியுமில்ல. கொசு."

"வருசக் கணக்கா ஒரே கொசுவா?"

கொசு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே டாக்டர் ஆனந்தன் விளக்கினார்.

"இது தோல்ல வர்ற புற்று. உடம்பெல்லாம் ஓடுற சாதி இல்ல. ஆனா இருக்கிற இடத்துலயே வேர் விட்டுத் தின்னுட்டே போகும்."

"மீசை சார்?"

"எவ்வளவு போகும்னு இப்ப சொல்ல முடியாது. கொஞ்சம் வெட்டி உடனே பின்னாடி லேபுக்கு அனுப்புவோம். டாக்டர் வசந்தகுமாரி அதை உறைய வச்சு, மெல்லிசாச் சீவி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல ஓரத்தைப் பார்ப்பாங்க. ஓரம் சுத்தமா இருந்தா தையல். இல்லன்னா இன்னும் கொஞ்சம் வெட்டணும். அதுவரைக்கும் நீங்க டேபிள்லயே காத்திருக்கணும்."

ஒரு டாக்டர் பேசியது முழுசாகப் புரிந்தது அவருக்கு அதுவே முதல் தடவை. வெளியே வந்ததும் மச்சினன் சம்பத்தைத் தனியே அழைத்தார். சம்பத் அதே கம்பெனியில் லேத்துக்காரன். அவனுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

"டேய், உள்ள முதல் பீஸ் இன்ஸ்பெக்சன் கீது. ஆபரேசன் அன்னிக்கு பீஸைத் தள்ளிட்டாங்கன்னு நர்ஸம்மா சொன்னா நிக்காத. லேபுக்கு ஒரு டீ. ரெண்டு வடை."

"சக்கர, மாமா?"

"தூக்கலா."

ஆபரேசன் நாளில் உதட்டை மட்டும் மரக்கச் செய்து, மீசையின் இடது பாதியை மழித்து, கண்ணைத் துணியால் மூடினார்கள். முதல் பீஸ் லேபுக்குப் போனது. கன்னியப்பன் காத்திருந்தார். எஸ்டேட்டில் தன் மேசைக்கு எதிரே நிற்பவர்கள் ஏன் அடிக்கடி எச்சில் விழுங்குகிறார்கள் என்பது அப்போது விளங்கியது.

"ஒரு ஓரத்துல இன்னும் இருக்காம்," என்றார் டாக்டர்.

வெளியே சம்பத் டீக்கடைக்கு ஓடினான். உள்ளே இரண்டாவது பீஸ் வெட்டப்பட்டது. மறுபடியும் காத்திருப்பு. அதிலும் துளி இருந்தது. மூன்றாவது போனது.

"சுத்தம். தைச்சிடலாம்."

ஆனந்தன் ஊசியை எடுத்தார். துணிக்குக் கீழே, வாயின் மரக்காத வலது ஓரத்திலிருந்து, குரல் வந்தது.

"தைக்காதீங்க சார். இன்னொரு பீஸ் எடுங்க."

"எதுக்குப்பா? இதுக்கு மேல எடுத்தா மீசையில வலது பக்கமும் போயிடும்."

"போவட்டும் சார். அது டீயில ஓகே ஆன பீஸு."

டாக்டருக்குப் புரியவில்லை. கன்னியப்பன் வடை வரைக்கும் விவரமாகச் சொன்னார். "நான் டீ குடிச்சிகினு ஓகே பண்ணதெல்லாம் எந்தெந்த பைப்புல ஒழுகிகினு கீதோ. வால்வு ஒழுகினா மாத்திக்கலாம். இது மூஞ்சி சார். உள்ள ஒரு வேர் நின்னுட்டா இன்னா பண்ணுவேன்?"

வேறு வழியின்றி லேபுக்கு ஆள் போனது. வசந்தகுமாரி அம்மாள் முகமூடியோடு வாசலில் வந்து நின்றார்.

"டீ அனுப்பினது நீங்கதானா?"

"ஆமாம்மா. எப்ப குடிச்சீங்க?"

"ரெண்டாவது பீஸ் வர்றதுக்கு முன்னாடியே, ரூம்ல உக்காந்து குடிச்சேன். சக்கரைதான் ஜாஸ்தி."

"வடை?"

"ரெண்டும் சாப்பிட்டேன்."

"துன்னுட்டுமா ரெண்டாவதைத் தள்ளினீங்க?"

"ஓரத்துல இருந்துதேப்பா. வேற என்ன பண்றது?"

டீயும் குடித்து, வடையும் தின்று, அதன் பிறகும் பீஸைத் தள்ளிய ஒரு இன்ஸ்பெக்டரை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் அதுவரை கண்டதில்லை. அப்படிப்பட்டவர் சுத்தம் என்றால் அது சுத்தம்தான்.

"தைங்க சார்," என்றார் கன்னியப்பன்.

புண் ஆறியது. புற்று திரும்ப வரவில்லை. இடது பக்கம் முடி முளைக்கவில்லை என்பதால் வலது பக்கத்தையும் அவரே எடுத்துவிட்டார். தையல் உதட்டைச் சற்று மேலே இழுத்துப் பிடித்ததில், முகத்தில் எந்நேரமும் ஒரு புன்னகை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அந்த முகத்தோடு வேலைக்குத் திரும்பியவரைப் பார்த்து லேத்துக்காரர்கள் மகிழ்ந்து, கூடுதலாக ஒரு வடை வரவழைத்தார்கள். அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுச் சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

அந்த வாரமே சம்பத் அக்கா சொர்ணத்திடம் வந்து முறையிட்டான்.

"சிரிச்சிகினே தள்றாருக்கா. மீசை இருந்தப்ப எவ்ளோ நல்ல மனுசன்."